கதையில் வரும் அத்தான்

பான், ஜெர்மனி, 2.2.2025

மகள் லவினியாவுக்கு,

நீ கோர்க்கிலிருந்து அனுப்பிய பார்சல் வியாழக்கிழமை வந்தது. புத்தகம் கசங்காமல் இருக்கிறது. அட்டையில் மழையும் ஒரு தெருவிளக்கும். அயர்லாந்தில் குடியேறிய பதினொரு பேர் எழுதிய கொலைக்கதைகள் என்று பின்னால் போட்டிருக்கிறார்கள். உன்னுடையது ஏழாவது. ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த உன்னை ஏழு வருடத்தில் அயர்லாந்துக்காரி ஆக்கிவிட்டார்கள். நீயும் ஆகிவிட்டாய்.

போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். உன் கலியாணத்தைப் பதிவுக் கந்தோரில் முடித்துவிட்டு, முடிந்தபிறகு போனில் அறிவித்தாய். அன்றையிலிருந்து நான் உன்னோடு போனில் பேசுவதில்லை. அது மாறாது. எழுதினால் பதில் எழுதுவேன்.

மார்ச் 14 பிராங்பேர்ட்டில் ஒரு புத்தகக் கடையில் இதன் ஜெர்மனி வெளியீடு, நானும் அம்மாவும் வரவேண்டும் என்று கேட்டிருக்கிறாய். கதையை வாசித்து முடித்துவிட்டுச் சொல்கிறேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதபடியால் பின்னேரச் செபமாலைக்குப் பிறகு இரண்டு பக்கம் தமிழில் வாசித்துச் சொல்கிறேன். இந்த வீட்டுக்கு வேறு மொழியில் வந்த எல்லாவற்றையும் நான்தான் அவருக்கு வாசித்தேன். அகதி மனுவை நிராகரித்த கடிதம், பிறகு விசா தந்த கடிதம், அவருடைய ஒப்பரேசனுக்கு முன் டொக்டர் எழுதிய கடிதம், எல்லாம் இதே கதிரையில் இருந்து வாசித்தவைதான். ஒரு சொல் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. ஹோட்டலில் கோப்பை கழுவிய காலத்தில் வெள்ளைக்காரர் அறையில் விட்டுப்போன துப்பறியும் நாவல்களை வைத்து அகராதியோடு இங்கிலீஷ் படித்தவன் நான். அவற்றை எனக்காக மட்டும் வாசித்தேன். அம்மாவுக்கு வாசிக்கும் முதல் கதை உன்னுடையது.

உன் மாமா யூட்டை எழுதியிருக்கிறாய். பெயரை மாற்றினாலும் ஆளை மாற்றவில்லை. பாதி உடைந்த முன்பல், கழுத்தில் மடுமாதா மெடல், அக்கா அனுப்பிய சாம்பல் நிறக் குளிர்ச்சட்டை. செக் எல்லையால் காட்டுக்குள் நடந்து டிரெஸ்டனுக்கு வரவேண்டியவன் வராமல் போனதும் அப்படியே இருக்கிறது. விடுமுறையில் மலையேற வந்த ஐரிஷ் பொலிஸ்காரி பழைய கல்லுடைக்கும் இடத்தில் எலும்பைக் கண்டெடுக்கிறாள் என்பது மட்டும் உன் கற்பனை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ரை தம்பியை ஒராளெண்டாலும் மறக்கேல்லை" என்றார். அந்தப் பெடியனுக்கு ஒரு அத்தான் வருகிறார். சட்டைப்பையில் பேனை, சொன்ன நேரத்துக்கு வருகிறவர், பொய் சொல்லத் தெரியாதவர். இது ஆரைப் பார்த்து எழுதினது என்று அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஒரு குறை. கொலைகாரன், காசு வாங்கி ஆட்களை எல்லை கடத்தும் அந்த ஏஜென்சிக்காரன்தான் என்று நாலாம் பக்கத்திலேயே அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். இன்னும் கொஞ்சம் மறைத்து எழுதியிருக்கலாம்.

அப்பா
இன்னாசித்தம்பி

*

கோர்க், 8.2.2025

அன்புள்ள அப்பா,

இது கிடைக்கும்போது எத்தனையாம் பக்கத்தில் இருக்கிறீர்களோ தெரியாது. மிச்சத்தை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம். தயவுசெய்து. முதலில் நீங்கள் தனிய வாசியுங்கள்.

புத்தகத்துக்குள் ஒரு கடதாசித் துண்டு வைத்து இதைத்தான் எழுதியிருந்தேன். விழுந்துவிட்டதா?

நேற்று அம்மாவுக்கு போன் எடுத்தேன். வாய் திறக்க முதலே, "முடிவைச் சொல்லிப்போடாதை பிள்ளை, அப்பா வாசிச்சு முடிக்கட்டும்" என்றா. அவ்வளவு சந்தோசமாக இருந்தா. அப்பாவிடம் குடுங்கோ என்றேன். நீங்கள் கையால் வேண்டாம் என்று காட்டினீர்களாம்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதலில் நான் எழுதிய முடிவில் ஏஜென்சிக்காரன்தான் கொலைகாரன். தொகுப்பாசிரியை திருப்பி அனுப்பினாள். வாசிக்கிறவர்கள் எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள், ஒருவரும் சந்தேகிக்க மாட்டாத ஆள் வேண்டும் என்றாள். அந்தக் கதையில் அப்படி ஒரே ஒரு ஆள்தான் இருந்தார் அப்பா. நீங்கள் இவ்வளவு துப்பறியும் கதை வாசித்தவர். இது அந்தக் கதைகளின் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது.

கடைசி இரண்டு பக்கத்தை விட்டுவிடுங்கள். அல்லது ஏஜென்சிக்காரன்தான் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் அம்மா நம்புவா.

லவினியா

*

பான், 16.2.2025

லவினியாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கதையை வியாழக்கிழமை வாசித்து முடித்துவிட்டோம்.

துண்டு விழவில்லை. கண்டேன். இந்த வீட்டில் எனக்கு ஒரு கதையும் அம்மாவுக்கு ஒரு கதையும் கிடையாது என்று அதை மேசையில் வைத்துவிட்டு வாசித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். பொலிஸ்காரி எல்லாரையும் விசாரித்து, கடைசியில் அத்தானின் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். அகதி வழக்கில் அவர் சொன்ன பொய்யைத் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பெடியன். அவன் வந்து சேர்ந்தால் வழக்கு உடைந்துவிடும். அதனால் எல்லைக்குப் போய், காட்டுப் பாதையில் அவனைச் சந்தித்து, கல்லால் அடித்து, அங்கேயே புதைத்துவிட்டு, பிறகு இரண்டு நாள் டிரெஸ்டன் ஸ்டேசனில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது போல நடித்தார் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடம் வந்தும் நிற்பாட்டவில்லை. அம்மா, "ஆர்?" என்று கேட்டார். திரும்ப வாசித்தேன். "அக்காவின் புருசன்" என்று என் வாயாலே இரண்டு தரம் சொன்னேன்.

அம்மா எழும்பிப்போய் அடுப்பில் இருந்த கறியை இறக்கினார். எனக்குச் சோறு போட்டுத் தந்தார். தான் சாப்பிடவில்லை.

விட்டுவிட்டு வாசித்திருக்கலாமே என்று எழுதுகிறாய். நீ விடாமல் எழுதினாய். நான் ஏன் விடவேண்டும்? அகதி மனு நிராகரித்த கடிதத்தையும் அன்றைக்கு விடாமல்தான் வாசித்தேன். அம்மா அப்போது ஏழு மாதக் கர்ப்பம், வயிற்றில் நீ. ஒரு வசனத்தை மாற்றி வாசிக்கலாம் என்று இருந்தால், அன்றைக்கு மாற்றியிருப்பேன்.

இன்றைக்கு மாதத் தமிழ்ப் பூசை. யூட்டின் பெயரை வருடா வருடம் அம்மா பூசை வைக்கும் சுவாமியிடம் கொடுப்பது உனக்குத் தெரியும். காணாமல் போனவர்கள் திரும்பி வரவேண்டும் என்ற கருத்துக்காகக் கொடுப்பது. இன்றைக்குச் சுவாமி அந்த வரிசையை வாசித்தார். யூட் இல்லை. மறந்துபோனாராக்கும் என்று இருந்தேன். பிறகு மரித்தவர்களின் ஆத்தும இளைப்பாற்றிக்காக என்று தொடங்கி, முதல் பெயராக யூட்டை வாசித்தார். சனம் திரும்பி எங்களைப் பார்த்தது. பூசை முடிந்து வாசலில் அம்மாவின் கையைப் பிடித்து அழுதார்கள். எப்ப அக்கா தெரிய வந்தது, ஆர் சொன்னது என்று அம்மாவின் சிநேகிதி கொறற்றி கேட்டார். "மகள் புத்தகத்திலை எழுதியிருக்கிறா. இவர்தான் வாசிச்சவர்" என்றார் அம்மா.

பாதிக் கதையை அம்மா நம்பிவிட்டார். மற்றப் பாதியை என்ன செய்யப் போகிறார்?

அந்தக் கதையைப் பிராங்பேர்ட்டில் வாசிக்காதே. புத்தகத்திலிருந்தும் எடுக்கச் சொல். அதைச் செய்யாமல் எனக்கு மன்னிப்புக் கேட்டு எழுதாதே.

அப்பா

*

கோர்க், 24.2.2025

அப்பா,

எடுக்க ஏலாது. அச்சடித்து டப்ளினில் விற்கத் தொடங்கிவிட்டது. பிராங்பேர்ட்டில் முதல் மூன்று பக்கம் மட்டும் வாசிப்பேன். முடிவை வாயால் சொல்ல மாட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அம்மாவோடு மூன்று தரம் பேசினேன். இது கதை, நான் கட்டினது, அந்தப் பொலிஸ்காரியே கிடையாது என்று சொன்னேன். அமைதியாகக் கேட்டா. பிறகு, "பல்லு உண்மை. மெடல் உண்மை. சட்டை நான் வாங்கி அனுப்பினது. எல்லாம் உண்மையா எழுதிப்போட்டுக் கடைசியிலை மட்டும் ஏன் பொய் எழுதினனி?" என்றா. வாசகர்களுக்காக என்று சொன்னேன். "வாசிக்கிற ஆக்களுக்கு உன்ரை கொப்பரோடை என்ன கோவம்?" என்றா.

அப்பா, ஒன்று கேட்பேன், கோபிக்க வேண்டாம். யூட் மாமா வராத அன்றைக்கு நடந்ததை நீங்கள் அம்மாவுக்கு என்றாவது முழுதாகச் சொன்னீர்களா? எனக்கு அப்போது ஆறு வயது. நீங்கள் கதவைத் திறந்து உள்ளே வந்து "வரேல்லை" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயரை நீங்கள் எடுத்து நான் கேட்கவில்லை. ஸ்டேசனில் நின்றதைக்கூட நான் பெரியவளானபின் கேட்டுக் கேட்டு வாங்கினேன். ஒருவர் சொல்லாமல் விட்ட இடத்தைத்தான் நான் நிரப்பினேன். அது பிழை என்று இப்போது தெரிகிறது. ஆனால் அந்த இடத்தை வெறுமையாக விட்டது நான் இல்லை.

இப்பவாவது அம்மாவுக்குச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்.

லவினியா

*

பான், விபூதிப் புதன், 5.3.2025

லவினியாவுக்கு,

நீ சொன்னாய் என்று செய்யவில்லை. எனக்கே சொல்லத் தோன்றியதால் சொன்னேன்.

அம்மாவைக் கூப்பிட்டு இருத்தி, தொடக்கத்திலிருந்து சொன்னேன். அந்த நேரம் விசாவில் மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று அடித்திருந்தது. பிடிபட்டால் வழக்கு முடிந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் போனேன். டிரெஸ்டன் ஸ்டேசனில் இரண்டு நாள் நின்றேன். பொலிஸைக் கண்டால் கழிப்பறைக்குள் போய் நின்றேன். எல்லைப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு ரெயிலிலும் இறங்கிய சனத்தின் முகத்தைப் பார்த்தேன். வரவில்லை. திரும்பி வந்தேன். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததை எப்படிப் பேசுவது என்றுதான் பேசாமல் இருந்தேன்.

அம்மா கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, "உதெல்லாம் புத்தகத்திலை இருக்கு. அவரும் ரெண்டு நாள் நிண்டவர். அவரும் பொலிசைக் கண்டு ஒளிச்சவர்" என்றார்.

நான் நின்றது உண்மை. எனக்கென்று இருந்தது அந்த இரண்டு நாள்தான். அதை எடுத்து நீ கொலைகாரனுக்குக் கொடுத்துவிட்டாய். இனி நான் எதைச் சொன்னாலும் அவன் முதலே சொல்லிவிட்டான். எத்தனையோ நாவலில் நிரபராதிக்கு யாராவது ஒரு சாட்சி வரும். தேநீர் விற்றவன், ரிக்கற் கிழித்தவன், யாராவது. நான் ஒருவரும் காணக் கூடாது என்று நின்றவன். ஒருவரும் காணவில்லை.

என் வழக்கில் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அதை உனக்கு எழுதவேண்டி வந்ததே, அதை நினைத்துப் பார்.

அம்மா சமைக்கிறார், உடுப்புத் தோய்க்கிறார், எனக்கு மருந்து எடுத்துத் தருகிறார். நேற்று மின்சாரக் கொம்பனியின் கடிதம் வந்தது. வாசிக்க எடுத்தேன். கையிலிருந்து வாங்கிக்கொண்டு கொறற்றியின் மருமகளிடம் வாசிப்பிக்கப் போனார்.

வெளியீட்டுக்கு நான் வரமாட்டேன். அம்மா கொறற்றியோடு வருகிறாராம். நான் மறிக்கவில்லை. மறித்தால் அதற்கும் ஒரு அர்த்தம் வரும்.

அப்பா

*

பிராங்பேர்ட், 16.3.2025

அப்பா,

நாளைக்குத் திரும்பிப் பறக்கிறேன். அதற்கு முதல் எழுதவேண்டும்.

கடை சின்னது. நாற்பது கதிரை போட்டிருந்தார்கள், நிறைந்துவிட்டது. ஒருவர் பிடில் வாசித்தார். விஸ்கியும் சோடா பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். கடைக்காரப் பெண்மணி நல்லவள். குற்றக் கதைகள் ஏன் ஆறுதல் தருகின்றன என்று பேசினாள். கடைசியில் எல்லாவற்றுக்கும் விடை கிடைப்பதாலாம். அந்த நேரம்தான் அம்மாவும் கொறற்றி அன்ரியும் உள்ளே வந்தார்கள். அம்மா வெள்ளைச் சேலை. செத்தவீட்டுக்குக் கட்டுவது போல. முன்வரிசையில் இருந்தா.

நான் முதல் மூன்று பக்கம் வாசித்தேன். குரல் நடுங்கியது. சனம் அதை நல்ல வாசிப்பு என்று நினைத்தது.

கேள்வி நேரம் அம்மா எழும்பினா. தன் ஜெர்மனில், அந்தத் துப்புரவு வேலையில் பழகின ஜெர்மனில், மெதுவாகக் கேட்டா: "இந்தப் பெடியன் என்ரை தம்பி. இதை எழுதினது என்ரை மகள். கடைசியிலை வாற ஆள் என்ரை புருசன். எனக்கு ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. எந்தக் காடு?"

கடைக்காரி சிரித்தாள். ஒரு எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை, சொந்தத் தாயே நம்பிவிட்டார் என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள் அப்பா. நல்ல மனதோடு தட்டினார்கள். அம்மா நின்றுகொண்டே இருந்தா. தனக்குப் பதில் வரும் என்று கை தட்டி முடியும்வரை நின்றா.

அவர்களிடம் நான் எழும்பிச் சொல்லியிருக்க வேண்டும். இது பாராட்டு இல்லை, நிற்பாட்டுங்கள் என்று. சொல்லவில்லை. நன்றி என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

பிறகு புத்தக அடுக்குகளுக்கு இடையில் அம்மாவைப் பிடித்து, காடு நான் மேப்பில் பார்த்து எடுத்தது, எல்லைக்குக் கிட்டே ஒரு பழைய கல்லுடைக்கும் இடம், நான் ஒரு நாளும் அங்கே போனதில்லை என்றேன். "மேப்பிலை இருக்குத்தானே. அப்ப காடு இருக்கு" என்றா. இடத்தின் பெயரை எழுதித் தரச் சொன்னா. தரமாட்டேன் என்றேன். "உனக்கு இது கதை. எனக்கு இருபத்தெட்டு வருசத்துக்குப் பிறகு வந்த ஒரேயொரு சேதி. அதையும் இல்லையெண்டு சொல்லாதை பிள்ளை" என்றா.

எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த கிழமை போகப்போகிறா. தனியப் போக விடாதீர்கள்.

லவினியா

*

பான், 2.4.2025

லவினியாவுக்கு,

தனியப் போக விடவில்லை. நானும் போனேன். கொறற்றியோடு போகிறேன் என்றுதான் அம்மா சொன்னார். அந்தக் காட்டுக்கு ஒருவர் போவதென்றால் நானும் போவேன் என்றேன். போகாவிட்டால், பயத்தில் போகவில்லை என்றாகும். கொறற்றி வராமல் நின்றுவிட்டார்.

டிரெஸ்டன் ஸ்டேசனில் ரெயில் மாறினோம். கூரையெல்லாம் புதிதாக்கிவிட்டார்கள். நான் நின்ற இடத்தைக் காட்டலாம் என்று பார்த்தேன். எனக்கே பிடிபடவில்லை. அம்மா கேட்கவும் இல்லை.

எல்லைப் பக்கம் போகும் எஸ்-பான் என்ற உள்ளூர் ரெயிலில் போய் இறங்கி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நடந்தோம். அம்மாவின் முழங்கால் உனக்குத் தெரியும். கையைப் பிடிக்கப் போனேன். தடியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். நீ மேப்பில் பார்த்த இடம் இருக்கிறது. கல்லுடைத்த பள்ளம், மேலே மரம் முளைத்து, சுற்றிவர எத்தனையோ கல். அதில் ஒரு கல்லை அம்மா தெரிந்தெடுத்தார். எப்படித் தெரிந்தெடுத்தார் என்று நான் கேட்கவில்லை. மெழுகுதிரி கொளுத்தினார், காற்றில் நூர்ந்தது, திரும்பக் கொளுத்தினார். ஒரு செபமாலை முழுதும் சொன்னார். நானும் சொன்னேன்.

முடிந்தபிறகுதான் பேசினார். வீட்டிலிருந்து வெளிக்கிட்டபிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு. உனக்கு உள்ளபடி எழுதுகிறேன்.

"இஞ்சருங்கோ. இஞ்சை ஒருத்தரும் இல்லை. ஓமெண்டு சொல்லுங்கோ. நான் மன்னிச்சுப்போடுவன்."

நான் செய்யவில்லை என்றேன்.

"செய்தனீங்களோ எண்டு நான் கேக்கேல்லை. ஓமெண்டு சொல்லுங்கோ எண்டுதான் கேக்கிறன். எனக்கு இது முடிய வேணும். நீங்கள் ஓமெண்டு சொன்னா நான் வீட்டை வந்து உங்களுக்குப் பக்கத்திலை படுத்து நித்திரை கொள்ளுவன். ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். சாகுமட்டும் உங்களைப் பாப்பன்."

"செய்யாததை ஓமெண்டு சொல்ல மாட்டன், ஞானம்."

"அப்ப அவன் எங்கை?"

எனக்குத் தெரியாது என்றேன். அதைத்தான் இவ்வளவு காலமும் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் அவர் களைத்துப்போனார் என்று அங்கே விளங்கியது. நீ ஒரு விடை கொடுத்தாய். பிழையான விடை. நான் கொடுத்தது சரியானது. அதில் ஒன்றும் இல்லை.

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று நீ எழுதுவாய். எழுதாதே. என் பெயரைக் காப்பாற்ற நான் மறுத்தேன் என்று நினைக்கிறாய். என் பெயர் தமிழ்ப் பூசை வாசலிலேயே போய்விட்டது. நான் ஓம் என்று சொன்னால் அவன் அந்தக் கல்லுக்குக் கீழே இருக்கிறான். நான் இல்லை என்று சொல்லும்வரைக்கும் அவன் அங்கே இல்லை. அவனை அங்கேயிருந்து வெளியே வைத்திருக்க இப்போது நான் ஒருவன்தான் மிச்சம். அம்மாவையே கொடுத்துத்தான் அதைச் செய்கிறேன். அது எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை அம்மா கொறற்றியின் வீட்டோடு போய்விட்டார். சண்டை இல்லை. ஒரு கிழமைக்குச் சமைத்துப் பெட்டிகளில் போட்டுக் குளிரூட்டியில் வைத்து, எதை முதலில் சாப்பிடுவது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

இந்த நாட்டில் தபால் பெட்டியில் பெயர் இல்லாத ஆளுக்குக் கடிதம் போடமாட்டார்கள். அதனால் யூட் வரவேண்டிய வருடம் எங்கள் பெயரோடு அவன் பெயரையும் எழுதி ஒட்டினேன். வீடு மாறிய ஒவ்வொரு தரமும் ஒட்டினேன். அம்மா போகும்போது தன் பெயரையும் அவன் பெயரையும் சுரண்டிவிட்டுப் போயிருக்கிறார். யூட்டின் பெயரை நான் திரும்ப எழுதி ஒட்டிவிட்டேன். அம்மாவின் பெயரை ஒட்டவில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அப்பா
இன்னாசித்தம்பி